வீதியோரக் கடைகளும் ‘சுதந்திரப் போட்டி’ என்னும் மாயையும்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே கொழும்பு புதுக்கடையில் வீதியோர உணவு விற்பவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஒரு கொத்துரொட்டிக்கு 1,900 ரூபா கேட்டார் என்பதும், விலையை வினவியவரை மிரட்டும் வகையில் நடந்துகொண்டார் என்பதும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள். காணொளி நாடெங்கும் பரவியது. கண்டனங்கள் குவிந்தன. சட்டம் தன் கடமையை விரைந்து செய்தது. 1,900 ரூபா அநியாய விலை என்பதில் எமக்கு ஐயமில்லை. வாங்க வந்தவரை வெருட்டுவதை நியாயப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆயினும், அதே புதுக்கடையிலேதான் இந்நாட்டின் உயர் நீதிமன்றமும் அமைந்துள்ளது என்பதை இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்கு ஆட்சியின் உச்சியில் இருந்தோரும் உயர் அதிகாரிகள் சிலரும் பொறுப்பாளிகள் என 2023 நவம்பர் 14ஆம் திகதி அந்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா செலுத்துமாறு பணித்தது. அத்தீர்ப்பின் பேரில் எவர் கையிலும் விலங்கு பூட்டப்படவில்லை.

ஒரு கொத்துரொட்டியின் விலையை ஏற்றியவன் சில நாள்களுள் பிடிபடுகிறான். ஒரு நாட்டின் சோற்று விலையை ஏற்றியோர் தீர்ப்பின் பின்னரும் வெளியே நடமாடுகின்றனர். இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, வீதியோரக் கடைக்காரனைப் பற்றி நமது படித்த சமூகம் கொண்டுள்ள கருத்து எத்தகையது என்பது புலனாகும். அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கிறான். ஆகவே கோபம் அவன்மீது பாய்கிறது. அவனுக்கு மாவும் எரிவாயுவும் கடனும் விற்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அண்மைக் காலமாக வீதியோர உணவைப் பற்றி இருவகைக் குரல்கள் ஒலித்து வருகின்றன. ஒன்று, அக்கடைகள் நகரத்தின் அழகைக் கெடுக்கின்றன, சுகாதாரத்திற்குக் கேடு விளைவிக்கின்றன, ஆதலால் அகற்றப்பட வேண்டும் என்பது. மற்றையது, அக்கடைகளை ‘சுயமுயற்சி’யின் சின்னம் எனப் போற்றி, போட்டியே அவற்றை வளர்க்கும், திறமை உள்ளவன் வெல்வான், அரசு விலகி நிற்றலே போதும் என்பது. முதலாவது குரலை மறுப்பது எளிது. இரண்டாவது குரலே ஆபத்தானது. ஏனெனில் அது புகழ்ச்சியின் உருவில் வருகிறது. நமது விரிவுரை மண்டபங்களிலும் அதுவே இன்று செல்வாக்குப் பெற்றுள்ளது. அதனை எதிர்ப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதலில் ‘போட்டி’ என்ற சொல்லை ஆராய்வோம். ஹரோல்ட் ஹொட்டெலிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1929இல் எழுதிய கட்டுரை ஒன்றினைப் பொருளியல் பயிலும் மாணவர் அறிவர். ஒரு நேர்கோட்டிலே வாங்குவோர் பரந்திருக்க, ஒரே பொருளை விற்கும் இருவர் எங்கே கடை வைப்பர் என்பது அவர் எழுப்பிய வினா. ஒவ்வொருவரும் மற்றவரின் பக்கத்து வாடிக்கையையும் கவர முயன்று நடுவை நோக்கி நகர்வர். ஈற்றில் இருவரும் அருகருகே நிற்பர் என்பது அவர் கண்ட முடிபு. தேசாதிபதி ஹென்றி வார்ட்டின் காலத்தில், 1859இல், உலாவுவதற்கென அமைக்கப்பட்ட காலிமுகத்திடலுக்கு ஒரு மாலையில் சென்று பார்ப்போர், இறால் வடை வண்டிகள் தோளோடு தோள் உரசி நிற்பதைக் காண்பர். ‘ஏன் இவர்கள் ஒரே இடத்தில் ஒரே பொருளை விற்று ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்கின்றனர்? அறிவில்லையா?’ எனக் கேட்போர்க்கு ஹொட்டெலிங் விடை பகர்வார். அது அறிவீனம் அன்று. சனம் கூடும் இடத்திலேதான் விற்பனை. கடைகள் கூடும் இடத்திலேதான் சனம்.

ஆனால் அக்கோட்பாட்டில் ஓர் எடுகோள் உண்டு. அவருடைய விற்பனையாளர் தாம் விரும்பிய இடத்திற்குச் செலவின்றி நகரக்கூடியவர். நமது வீதியோரத்திலே அப்படி நகர முடியுமா? பேருந்து நிலையத்தின் வாயிலில் நிற்பதற்கும் அதிலிருந்து ஐம்பது யார் தள்ளி நிற்பதற்கும் இடையிலான வேறுபாடு, ஒரு குடும்பம் இரவு உண்பதற்கும் உண்ணாதிருப்பதற்கும் இடையிலான வேறுபாடாகும். அந்த ஐம்பது யாரைத் தீர்மானிப்பது வடையின் சுவை அன்று. சபையின் அனுமதிச் சீட்டு, ஏலத்தொகை, அரசியல்வாதி ஒருவரின் அறிமுகம், இவை எதுவும் இல்லாதவிடத்து அன்றாடம் கைமாறும் சிறு தொகை ஆகியவையே அதனைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இங்கு நிகழும் போட்டி பண்டத்தின் தரத்திற்கான போட்டி அன்று. நிற்கும் நிலத்திற்கான போட்டியே ஆகும். நிலத்திற்கான போட்டியில் சமையல் தெரிந்தவன் வெல்வதில்லை, முற்பணம் உள்ளவனே வெல்கிறான். நமது கோயில் திருவிழாக்களிலும் இதனையே காண்கிறோம். வீதியோரத் துண்டு நிலங்களை ஏலத்தில் எடுப்பவன் ஒருவன். அவனிடம் கூலிக்கோ மறுவாடகைக்கோ நின்று கச்சானும் சுண்டலும் விற்பவன் வேறொருவன்.

அடுத்து, கடைகளின் தொகை பெருகியமையைச் சிலர் ‘முயற்சியாண்மையின் எழுச்சி’ என வர்ணிக்கின்றனர். இவ்வெழுச்சி எப்போது ஏற்பட்டது? வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. உலக வங்கியின் மதிப்பீட்டில், 2021இல் மக்கள்தொகையின் 13.1 சதவீதமாயிருந்த வறுமை 2022இல் 25 சதவீதமாயிற்று. கட்டட வேலை நின்றது. உல்லாசப் பயணத்துறை படுத்தது. வேலையிழந்தோர் பலர் என்ன செய்தனர்? ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு தாச்சி ஆகியவற்றுடன் தெருவுக்கு வந்தனர். விற்போர் தொகை கூடிற்று. வாங்குவோர் பை மெலிந்தது. இதனை எழுச்சி என்பது, வெள்ளத்தில் அகப்பட்டோர் கூரைமேல் ஏறியதைப் பார்த்து மலையேற்றத்தில் ஆர்வம் பெருகிவிட்டது என்பதை ஒக்கும்.

செலவுப் பக்கத்தையும் சற்று நோக்குவோம். 12.5 கிலோ சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்று 2021 ஒக்டோபரின் தொடக்கத்தில் 1,493 ரூபா. அதே மாதத்தில் அது 2,750 ரூபாவாயிற்று. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. எரிவாயு கிடையாமல் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியோரை அதுவும் விட்டுவைக்கவில்லை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. விறகு மூட்டியவனைப் பார்த்து, புகை எழுப்பி நகரத்தை அசுத்தப்படுத்துகிறான் என்றோம். வடையின் விலையை அவன் எரிவாயுவின் விலையோடு சேர்த்து ஏற்ற முடிந்ததா? இல்லை. பக்கத்துக் கடைக்காரன் ஏற்றாதவரை அவனால் ஏற்ற இயலாது. ஆகவே வடை சிறுத்தது, சம்பல் தண்ணீராயிற்று, கடையில் நின்ற மகன் பாடசாலையிலிருந்து நின்றான். மேலிருந்து இறங்கும் விலைக்கு மறுப்புச் சொல்ல முடியாதவனுக்கும், கீழே நிற்கும் வாங்குவோனிடம் விலை ஏற்ற முடியாதவனுக்கும் பெயர் ‘முதலாளி’ அன்று. தன் உழைப்பையும் பிள்ளைகளின் உழைப்பையும் கூலியின்றிப் போட்டு நட்டத்தை ஈடுசெய்யும் தொழிலாளி அவன்.

கோதுமை மாவின் கதை இதிலும் தெளிவானது. கொத்துரொட்டி இன்று நாட்டின் தேசிய உணவுபோல ஆகிவிட்டது. ஆனால் அதன் அடிப்படையான கோதுமை இந்நாட்டு மண்ணில் விளைவதில்லை. இறக்குமதி செய்த தானியத்தை மாவாக அரைக்கும் பேராலைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1980இல் திருகோணமலை சீனன்குடாவில் இயங்கத் தொடங்கிய ஆலையும் பின்னர் கொழும்புத் துறைமுகத்தில் எழுந்த ஆலையுமே இத்துறையின் இரு தூண்கள். கீழே ஆயிரக்கணக்கான ரொட்டிக் கடைகள். மேலே சில ஆலைகள். கீழே இருப்போர் ஒருவரோடொருவர் ஒரு ரூபா இரண்டு ரூபாவுக்கு முட்டி மோதுகையில், மேலே மாவின் விலை ஒரு சுற்றறிக்கையிலே மாறிவிடுகின்றது. அடியில் போட்டி, உச்சியில் ஏகபோகம்: இதுவே நமது ‘சுதந்திரச் சந்தை’யின் உண்மையான உருவம். இதனோடும் நிற்கவில்லை. கொத்துச் சுவையூட்டிய நூடில்ஸ் இன்று கவர்ச்சியான பொதிகளில் வருகிறது. தெருவில் பிறந்த சுவை, ஆலையின் சொத்தாகிக் கடைத்தட்டில் ஏறிவிட்டது. அச்சுவையைக் கண்டுபிடித்த பெயரறியாக் கைகளுக்கு அதிலே ஒரு சதமேனும் பங்குண்டா?

வீதியுணவு நவநாகரிகமாகி வருவதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். நட்சத்திர ஹோட்டல்களில் ‘வீதியுணவு இரவு’ நடத்தப்படுகின்றது. குளிரூட்டிய அங்காடிகளின் மேல்மாடியிலே, பொய்யாகத் துருப்பிடிக்க வைத்த தள்ளுவண்டியில் இறால் வடை அடுக்கப்படுகின்றது. சீஸ் கொத்து, டொல்பின் கொத்து என ஆறு மாதத்திற்கொரு புதுப்பெயர் பிறக்கின்றது. கைத்தொலைபேசியில் காணொளி எடுப்போர் புகழும் கடைக்கு ஒரு வாரம் வரிசை நிற்கிறது. அடுத்த வாரம் வரிசை வேறெங்கோ போய்விடுகின்றது. வந்த கூட்டத்தை நம்பிக் கடன்பட்டுப் புதுத் தகடு வாங்கியவன் மீற்றர் வட்டிக்காரனுக்கு ஒளிந்து திரிகிறான். நடுத்தர வர்க்கம் வீதியின் சுவையை விரும்புகின்றது. வீதியில் நிற்கும் மனிதனை விரும்பவில்லை. அவனுடைய பண்டத்தை உள்ளே எடுத்துக்கொண்டு, அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகின்றது.

இனி மறுதரப்பினரின் வாதங்களுக்கு வருவோம். அவற்றுள் வலுவுள்ளவை மூன்று.

முதலாவது சுகாதாரம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இந்நாட்டில் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உண்டு. சட்டம் வேண்டாம் என நாம் கூறவில்லை. கெட்ட எண்ணெயில் பொரித்த வடையை முதலில் உண்பவன் ஏழைத் தொழிலாளியும் எம்மைப்போன்ற மாணவனுமே. ஆயின் கை கழுவ ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும். கழிவுநீர் ஓட ஒரு வடிகால் வேண்டும். குப்பையை எடுக்க ஒரு வண்டி வேண்டும். இவற்றை அமைத்துக் கொடுத்துவிட்டு அசுத்தத்திற்குத் தண்டம் விதிப்பது நீதி. கொடாமல் விதிப்பது வருமானம் திரட்டல்.

இரண்டாவது, அவர்கள் வரி செலுத்துவதில்லை என்பது. வீதியோரக் கடைக்காரன் தன் விற்பனைமீது வரி அறவிடுவதில்லை என்பது உண்மையே. ஆயின் வாங்குகையில் அவன் வரி செலுத்துகிறான். 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. அன்றிலிருந்து சமையல் எரிவாயுவும் அதற்கு உட்பட்டது. பதிவு பெற்ற பெரிய ஹோட்டல், தான் வாங்கிய பொருளில் செலுத்திய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத தோசைக் கடைக்காரிக்கு அவ்வசதி இல்லை. அவள் செலுத்தியது செலுத்தியதுதான்.

மூன்றாவது, நடைபாதை நடப்போர்க்கு உரியது என்பது. இது நியாயமான வாதம். கண்பார்வை அற்றோரும் முதியோரும் குழந்தையைத் தூக்கிய தாய்மாரும் கடைகளைச் சுற்றித் தார் வீதியில் இறங்கி நடக்க நேர்வதை நாம் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிபு, கடைகளுக்கு முறையான இடம் வேண்டும் என்பதே. கடைகள் வேண்டாம் என்பதன்று. நமது அதிகாரிகள் அகற்றுவதை முதலிலும் இடம் கொடுப்பதை இறுதியிலும் செய்கின்றனர். அல்லது விற்பனை நடவாத இடத்தைக் கொடுக்கின்றனர். புறக்கோட்டை பஸ்தியன் மாவத்தை வியாபாரிகளுக்கென 2014இல் பேரே வாவியில் அழகான மிதக்கும் சந்தை கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அது களையிழந்தது. பயணிகள் நடக்கும் வழியில் அமையாத சந்தை, படம் பிடிப்பதற்கு மட்டுமே உதவும்.

வேறு வழி இல்லையா? உண்டு. சிங்கப்பூர் 1968–69இல் ஏறத்தாழ 18,000 வீதி வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை, குழாய் நீரும் வடிகாலும் உள்ள உணவு நிலையங்களை மக்கள் வாழும் இடங்களுக்கு அருகிலேயே கட்டி, அவர்களை அங்கு குடியேற்றியது. 2020இல் அப்பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்நாட்டின் அரசியலை நாம் வியக்கவில்லை. கட்டிய பின்னரே பெயர்த்தனர் என்பதையே சுட்டுகிறோம். இந்தியாவிலோ 2014இல் வீதி வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. நகரந்தோறும் விற்பனைக் குழு அமைய வேண்டும், அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்திற்குக் குறையலாகாது, அப்பிரதிநிதிகளில் மூன்றிலொரு பங்கினர் பெண்களாயிருத்தல் வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றலாகாது என அச்சட்டம் கூறுகின்றது. நடைமுறையில் அது பல நகரங்களில் மீறப்படுவதும் உண்மையே. எனினும், மீறப்பட்டது எனச் சுட்டிக்காட்டுவதற்கேனும் அங்கு ஒரு சட்டம் இருக்கின்றது. உழைப்போரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் முறைசாராத் தொழில்களில் தங்கியுள்ள நமது நாட்டில், வீதி வியாபாரியின் உரிமையை வரையறுக்கும் அத்தகைய தனிச் சட்டம் எங்கே?

இவ்விடத்திலே இக்கட்டுரையாளன் தன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டியுள்ளது. வடபகுதிச் சிறு நகரொன்றின் பேருந்து நிலையத்தருகே வடையும் தேநீரும் விற்ற தாய் ஒருத்தியின் மகன் இவன். அவ்விடத்தில் வடைக்கடைகள் நான்கு இருந்தன. போட்டிக் கோட்பாட்டின்படி அந்நால்வரும் ஒருவரை ஒருவர் அழிக்க முயன்றிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. ஒருத்திக்கு உழுந்து குறைந்தால் மற்றவள் கொடுத்தாள். ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அவளுடைய வாடிக்கைக்காரரை மற்றவர்கள் அவளுக்காகவே கவனித்து, மாலையில் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தனர். பிறகு ஒரு நாள் நகர அழகுபடுத்தல் என்ற பெயரில் லொறி வந்தது. நான்கு கடைகளும் ஏறின. சில மாதங்களின்பின் அதே இடத்தில் ஒரேயளவான தகரக் கூடுகள் எழுந்தன. அவற்றுக்குக் கேட்கப்பட்ட முற்பணம் அந்நால்வரில் எவரிடமும் இருக்கவில்லை. இன்று அங்கு நிற்பவை வேறு ஆட்களின் கடைகள். ‘தம்பி, நாங்கள் விலையில தோற்கேல்ல, சுவையிலயும் தோற்கேல்ல, எங்களை விளையாட விடேல்ல’ என்றார் அம்மா. போட்டியைப் பற்றி நூலகத்தில் இவன் படித்த நூல்கள் பல. அவற்றுள் எதுவும் இதனை இவ்வளவு தெளிவாகக் கூறியதில்லை.

1971இல் சர்வதேச தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையிலான குழுவொன்று இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தது. கற்ற இளைஞரின் எதிர்பார்ப்புகளும் நாட்டிலுள்ள தொழில்களும் பொருந்தாமையை அது எடுத்துக்காட்டிற்று. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கலைப்பீடத்துப் பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்க முடியாத அரசு, இன்று ‘நீங்களே தொழில் தொடங்குங்கள்’ என அறிவுரை கூறுகின்றது. அறிவுரையை ஏற்று ஒருவன் தெருவில் அடுப்பு வைத்தால் அதே அரசின் லொறி வந்து அடுப்பைத் தூக்கிச் செல்கின்றது. ஆகவே இது ‘அவர்களுடைய’ பிரச்சினை அன்று. நாளை நாமும் அந்த ஐம்பது யார் தூரத்தில் நிற்கக்கூடும்.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. வீதி வியாபாரியின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் சட்டம் ஒன்று இயற்றப்படல் வேண்டும்; இடம் ஒதுக்கும் குழுவில் வியாபாரிகளே அமர்தல் வேண்டும். இடங்கள் ஏலத்தில் விடப்படாது, பதிவுப் பட்டியலின்படியோ சீட்டுக் குலுக்கலின்படியோ வழங்கப்படல் வேண்டும். நமது ஆலயங்களின் பரிபாலன சபையினர் இதனை அடுத்த திருவிழாவிலேயே தொடங்கலாம். நீரும் வடிகாலும் அமைத்த பின்னரே தண்டம் விதிக்கப்படல் வேண்டும்.

யாவற்றிற்கும் மேலாக, வியாபாரிகள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, மாவையும் எண்ணெயையும் எரிவாயுவையும் சேர்ந்து வாங்குதல் வேண்டும். இது கனவு எனச் சிலர் நகைப்பர். 1972இல் வடபகுதியிலே கள் இறக்கும் தொழிலாளர் தமது கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தபோதும் அவ்வாறே நகைத்தனர். தவறணைக் குத்தகைக்காரனை நம்பி வாழ்ந்தவர்கள் தமது சங்கத்தின் வழியே தாமே விற்பவர்களாயினர். சாதியாலும் வறுமையாலும் மிதிக்கப்பட்டோர் செய்து காட்டியதை, வடை சுடுவோராலும் ரொட்டி கொத்துவோராலும் ஏன் செய்ய இயலாது? அந்த நான்கு வடைக்கடைகளுக்கிடையே நிலவிய கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு சங்கத்தின் பெயரும் ஒரு கணக்குப் புத்தகமும் மட்டுமே தேவைப்பட்டன. அவற்றை எழுதிக் கொடுக்கப் படித்தவன் ஒருவன் அப்போது அங்கு இருக்கவில்லை.

மாதக் கடைசியில் கையில் காசில்லாத எத்தனை மாணவர்க்கு, ‘தம்பி, முதல்ல சாப்பிடுங்கோ, காசு பிறகு பாப்பம்’ என்று கூறி, பழைய கொப்பியொன்றில் பெயரெழுதி வைத்திருக்கின்றனர் நமது வாயிலோரத்துக் கடைக்காரர்! அக்கொப்பியில் நம்முடைய கையெழுத்து இல்லை. நம்பிக்கை மட்டுமே உண்டு. பட்டம் பெற்று வெளியேறுமுன் அக்கடனின் காசைக் கொடுத்துவிடலாம். மற்றக் கடனைத் தீர்ப்பதற்கு, நாம் கற்ற சட்டமும் பொருளியலும் கணக்கும் அந்த அடுப்பங்கரைக்குச் செல்ல வேண்டும்.